சுழல் விளக்கும் ஒரு பச்சைக் கொப்பும்



போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிப் பழகியவர்களுக்கு முந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரைத் தாண்டி முந்தல் வரை சாலை சமதளத்தில் செல்லும். அதன் பின் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடும்வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை என்று அழைக்கப்படும் சாலை இதுதான். விடியுமுன் ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், போடியில் நடக்கும் ஏலத்திற்காகக் காய் மூட்டை சுமந்து இறங்கும் வண்டிகளும், மூணாறு பார்க்கச் செல்லும் கார்களும், சிமெண்ட் லாரிகளும் இந்த ஒரே பாதையைத்தான் நம்பியிருக்கின்றன.

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதரஸா முடிந்த கையோடு, பூப்பாறையில் இருக்கும் ஒரு மாணவனின் வீட்டுக்குப் புறப்பட்டேன். வாடகை ஜீப். என்னோடு இன்னும் ஐந்து பேர். நான்காவது வளைவிலேயே மூடுபனி இறங்கிவிட்டது.

எங்களுக்கு முன்னால் ஒரு ரெக்கவரி வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதன் கூரையில் மஞ்சள் சுழல் விளக்குகள் இரண்டு சுழன்றன. போதாதென்று நான்கு மூலை இண்டிகேட்டர்களும் ஒருசேரச் சிமிட்டின. பின்னால் எந்த வண்டியையாவது கட்டி இழுக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கொக்கி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கடந்தோம். அடுத்து ஒரு டிப்பர் லாரி. முகப்பில் நீல நிறத்தில் வெட்டி வெட்டி எரியும் விளக்குகள். அதற்கப்பால் இரண்டு பிக்கப் வண்டிகள். பனி இருக்கிறது என்பதற்காக அவையும் நான்கு இண்டிகேட்டர்களைப் போட்டபடியே ஏறின. முக்கால் மணி நேரத்தில் பத்துக்குக் குறையாத வண்டிகள் “ஆபத்து, ஆபத்து” என்று கண்சிமிட்டிக் காட்டின. ஒன்றிலும் ஆபத்தில்லை.

மேலே ஒரு வளைவைத் திரும்பியபோது மீண்டும் ஒரு மஞ்சள் சிமிட்டல் தெரிந்தது. எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிதான் என்று அவர் எண்ணிவிட்டார். நானும் அப்படித்தான் எண்ணினேன். திடீரென்று, சாலையின் நடுவே ஒரு பச்சைக் கொப்பும் வரிசையாக நான்கு கற்களும்! அவர் பிரேக்கை ஏறி மிதித்தார். முன்னிருக்கைக் கம்பியில் என் நெற்றி மோதியது. கற்களுக்கும் ஜீப்புக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அவற்றிற்கு அப்பால், பட்டை முறிந்து நின்ற ஒரு லாரி. அதன் அடியில் ஒரு மனிதர் படுத்தபடி வேலை செய்துகொண்டிருந்தார். வெளியே நீட்டியிருந்த அவருடைய கால்களை நான் பார்த்தேன்.

கொப்பை ஒடித்துப் போட்டது யாரோ, அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும்.

அந்த இரவு முழுவதும் என்னை உறங்கவிடாத கேள்வி இதுதான்: விளக்கு எங்களுக்கு முதலில் தெரிந்தது. ஆனால் எங்களை நிறுத்தியது கொப்பு. ஏன்? நெடுஞ்சாலையில் கொப்புக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: “இங்கே வண்டி நிற்கிறது.” யாரும் அலங்காரத்திற்காகக் கொப்பை ஒடித்துப் போடுவதில்லை. அவசரம் என்று காட்டி வழி வாங்குவதற்காகவும் போடுவதில்லை. விளக்குக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரே பொருள் இருந்தது. அதை நாம் தொலைத்துவிட்டோம். புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இப்போது மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியும் அந்தச் சிறுவனாகிவிட்டது.

எப்படி இந்த நிலை வந்தது? பழைய சுழல் விளக்கினுள் ஒரு பல்பும், அதைச் சுற்றி மோட்டாரால் சுழலும் கண்ணாடியும் இருக்கும். விலை அதிகம், பொருத்துவதும் சிரமம். எனவே தேவைப்பட்டவர்கள் மட்டுமே வாங்கினார்கள். எல்இடி விளக்கு வந்த பின் கதை மாறிவிட்டது. கையளவுப் பட்டை, சிறு விலை, இரண்டு ஒயர்கள். எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அழகுக்கென்று வாங்கி மாட்டுகிறவர் ஒரு பக்கம், “பக்கத்து வண்டியில் இருக்கிறதே, நம் வண்டி மட்டும் கண்ணில் படாமல் போய்விட்டால்?” என்ற அச்சத்தில் மாட்டுகிறவர் மறுபக்கம். இரண்டாமவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் எல்லோரும் உரக்கப் பேசும் சந்தையில் இன்னும் உரக்கப் பேசுவதால் என்ன பயன்?

மூடுபனியில் இந்த விளக்குகள் செய்யும் தீங்கு தனி. பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒளி அவற்றில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. சுழல் விளக்கு வெட்டும் ஒவ்வொரு முறையும் பனித்திரை முழுவதும் பளிச்சிட்டு மறைகிறது. வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நிற்கிறதா, ஓடுகிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடிவதில்லை. இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்திற்குள் வண்டி அடுத்த வளைவுக்கே போய்விடும்! விளக்கின் அருகில் நின்று வேலை செய்கிறவரோ கண்ணுக்கே தெரியமாட்டார். அவரைக் காப்பதற்கென்று போட்ட விளக்கே அவரை மறைத்துவிடுகிறது.

நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுக்கொண்டு ஓட்டுவதில் இன்னொரு குறையும் உண்டு. அப்போது இடம், வலம் எதையும் சொல்ல முடியாது. மலைப்பாதையின் குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. முன்னால் செல்பவர் ஒதுங்குகிறாரா, திரும்புகிறாரா என்று அறிய அந்தச் சிறு விளக்கைத்தானே நம்பியிருக்கிறோம்? நான்கும் சிமிட்டினால் அந்த மொழியே ஊமையாகிவிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பெரிய மனிதர்களின் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை உயர் அரசியலமைப்புப் பதவி வகிப்பவர்களோடு நிறுத்த வேண்டும் என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அவர்களுடைய கார்களிலிருந்தும் அதை அகற்றியது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்குகள் தீயணைப்பு, காவல், பேரிடர் மீட்பு போன்ற அவசரப் பணிக்கென ஒதுக்கப்பட்டன. அமைச்சரின் காரிலிருந்து இறங்கிய விளக்கு டிப்பர் லாரியின் நெற்றியில் ஏறியிருப்பதுதான் வேடிக்கை. வண்டியில் அனுமதியின்றி மாற்றம் செய்தால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. போடிமெட்டுக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றமும் வண்ண விளக்கு வண்டிகள் விஷயத்தில் அண்மை ஆண்டுகளில் மிகக் கண்டிப்பு காட்டி வருகிறது.

ரெக்கவரி வண்டிக்கு மஞ்சள் விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழுதான வண்டியைச் சாலை நடுவில் நின்று தூக்குபவர்களுக்கு அது உயிர்க்காப்பு. பிரிட்டனில் 1989ஆம் ஆண்டு விளக்கு விதிகள் இதைத் தெளிவாக வரையறுத்திருக்கின்றன: விபத்தோ பழுதோ நேர்ந்த இடத்திற்கு அருகில் வேலை செய்யும்போதும், பழுதான வண்டியை இழுத்துச் செல்லும்போதும் மட்டுமே மீட்பு வண்டி அந்த விளக்கைப் போடலாம். வெறும் கொக்கியோடு வீடு திரும்பும்போது போடக் கூடாது. எவ்வளவு எளிய விதி பாருங்கள்!

போடிமெட்டுத் தேநீர்க் கடையில் அந்த ரெக்கவரி வண்டியின் ஓட்டுநரைச் சந்தித்தேன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். “தம்பி, சும்மா போகும்போதும் விளக்கைச் சுழல விடுகிறீர்களே, எதற்கு?” என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “போட்டா வழி விடுறாங்க பாய். அமத்திட்டா எவனும் மதிக்க மாட்டேங்கறான்” என்றார். சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: “இப்பல்லாம் போட்டாலும் விட மாட்டேங்கறாங்க.”

அவருடைய அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைக்காட்டில் தீ சூழ்ந்தபோது என்ன நடந்தது என்பது போடிக்காரர்களுக்கு நினைவிருக்கும். மலையேற்றம் வந்தவர்களில் 23 பேர் அந்தத் தீயால் உயிரிழந்தார்கள். தீக்காயம் பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் போடி அரசு மருத்துவமனைக்கும் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் விரைந்தன. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்கிறது சட்டம். ஆனால் முன்னால் செல்லும் ஓட்டுநர் அபராதத்தை நினைத்தா ஒதுங்குகிறார்? பின்னால் சுழல்வது மெய்யான அவசரம் என்று நம்பித்தான் ஒதுங்குகிறார். தோட்டத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணோ, பாம்பு தீண்டிய தொழிலாளியோ மலையிலிருந்து இறங்க இந்த ஒரே சாலைதான். அவர்களுக்காகச் சேர்த்து வைக்கப்பட்ட அந்த நம்பிக்கையைத்தான், வேடிக்கைக்காக விளக்கு மாட்டுகிறவர் எடுத்துச் செலவழிக்கிறார். அது அவருடைய பணமன்று.

நம் சமுதாயத்தில் லாரி, பிக்கப் வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி எப்.சி.க்குப் போகும் நாள்வரை காத்திராமல், கூடுதலாக மாட்டிய விளக்குகளை நீங்களே கழற்றச் சொல்லுங்கள். பனியில் ஓடும்போது முகப்பு விளக்கைத் தாழ்த்தி, பின் விளக்குகள் சேறின்றி எரிகின்றனவா என்று பார்த்தால் போதுமானது. நான்கு இண்டிகேட்டர்கள் வண்டி நின்ற பிறகுதான். வண்டியோடு தரப்படும் ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணம் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும். அதை எடுத்து வளைவுக்கு முன்பாகவே வைக்கப் பழக்குங்கள். முக்கோணம் இல்லாவிட்டால் கொப்பு இருக்கவே இருக்கிறது.

ஆனால் ஒன்று. வண்டி சரியானதும் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று பாலர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பாக அதே ஜீப்பில் இறங்கினேன். பனி இல்லை. லாரி போய்விட்டிருந்தது. கொப்பு சக்கரங்களில் நசுங்கி நாராகிக் கிடந்தது. நான்கு கற்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஓட்டுநர் சொல்லாமலே ஜீப்பை ஓரங்கட்டினார். மூன்று கற்களை இரண்டிரண்டு பேராக உருட்டினோம். நான்காவதற்கு எல்லோரும் சேர வேண்டியிருந்தது.