மெக்கானிக்கல் மாணவரே, எந்த எலெக்டிவ் எடுப்பது?

பெங்களூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு பட்டியல் கையில் வரும். நான்கைந்து பாடப் பெயர்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் அவகாசம் தருவார்கள். பலரும் பக்கத்து பெஞ்ச் நண்பர் எடுப்பதையே எடுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளுக்கு முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

எலெக்டிவ் என்பது என்ன? தெர்மோடைனமிக்ஸ் (வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறுவதைப் பற்றிய பாடம்), மெஷின் டிசைன் போன்றவை எல்லோருக்கும் கட்டாயம். அதற்கு மேல் நீங்களே தேர்ந்தெடுக்கும் பாடம்தான் எலெக்டிவ். உங்கள் துறைக்குள் எடுப்பதற்கு புரொஃபஷனல் எலெக்டிவ் என்று பெயர். வேறு துறை நடத்தும் பாடத்தை எடுத்தால் அது ஓப்பன் எலெக்டிவ்.

இப்படி எத்தனை பாடம் கிடைக்கும்? பெங்களூரின் பெரும்பாலான கல்லூரிகள் பெலகாவியில் 1998இல் தொடங்கப்பட்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (சுருக்கமாக வி.டி.யு.) கீழ் வருபவை. அதன் 2018 பாடத்திட்டத்தில் நான்கு புரொஃபஷனல், இரண்டு ஓப்பன், ஆக ஆறுதான். ஒவ்வொன்றுக்கும் 3 கிரெடிட் (வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பது கணக்கு). மொத்தப் படிப்பில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அடுத்து வந்த திட்டங்களிலும் எண்ணிக்கை ஏறத்தாழ இதே அளவுதான். ஆர்.வி., பி.எம்.எஸ்., ராமையா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கின்றன. அங்கே படிப்பவர்கள் தங்கள் கல்லூரியின் விதிப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் நடக்குமா? நடக்காது. வி.டி.யு. விதிப்படி ஓப்பன் எலெக்டிவ் ஒன்றை நடத்தக் குறைந்தது 10 மாணவர்கள் சேர வேண்டும். புரொஃபஷனல் எலெக்டிவ் என்றால் அதை நடத்த ஆசிரியர் இருக்க வேண்டும். பத்து பெயர் அச்சாகியிருந்தாலும் உங்கள் கல்லூரியில் இரண்டுதான் திறந்திருக்கலாம். எனவே எந்தப் பாடம் நிஜமாக நடக்கப்போகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

ஓப்பன் எலெக்டிவில் வேறு தடைகளும் உண்டு. அந்தப் பாடத்துக்குத் தேவையான அடிப்படை உங்களிடம் இல்லையென்றால் எடுக்க முடியாது. ஏற்கெனவே படித்ததையோ, உங்கள் துறையிலேயே இனி படிக்கப்போவதையோ வேறு பெயரில் திரும்ப எடுக்கவும் விட மாட்டார்கள்.

"எது ஈஸி?" என்றுதான் சீனியர்களிடம் முதலில் கேட்கத் தோன்றும். அதைவிட வினாத்தாளைப் பார்ப்பது நல்லது. வி.டி.யு. முறையில் பாடம் ஐந்து மாட்யூலாக (பகுதியாக) இருக்கும். தேர்வில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் 20 மதிப்பெண்ணில் இரண்டு கேள்விகள் வரும், அவற்றில் ஒன்றுக்கு விடை எழுத வேண்டும். ஒரு மாட்யூலை ஒதுக்கிவிட்டுப் படித்தால் 20 மதிப்பெண் அப்படியே போய்விடும். முதல் இரண்டு மாட்யூல் கதைபோல எளிதாக இருக்கிறதே என்று நம்பி, நான்காவதில் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளைப் பார்த்துத் திணறுகிறவர்கள் உண்டு. ஐந்து மாட்யூலையும் ஒரு முறை புரட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ரோபாட்டிக்ஸோ ஏஐயோ எடுத்தால்தான் வேலை கிடைக்குமா? பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள். என் பதில், இல்லை. 3 கிரெடிட் பாடத்தின் பெயர் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தராது. நேர்முகத் தேர்வில் "அந்தப் பாடத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். அதற்குக் காட்ட ஒரு புராஜெக்ட் இருந்தால்தான் அந்தப் பாடத்துக்கு மதிப்பு.

இந்த விஷயத்தில் பெங்களூரு உங்களுக்குப் பெரிய துணை. அதிர்வும் ஒலியும் பற்றிய எலெக்டிவை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பழைய காலத்துப் பாடம்போல இருக்கும், பலரும் கணக்குக்குப் பயந்து ஒதுக்குவார்கள். ஆனால் பெட்ரோல் வண்டியில் என்ஜின் சத்தம் மற்ற சத்தங்களை மூடிவிடும். மின்சார வண்டியில் அப்படி மூட எதுவும் இல்லை. கியர் பற்களின் சீழ்க்கை, மோட்டாரின் முனகல், பிளாஸ்டிக் பேனலின் கிடுகிடுப்பு எல்லாம் ஓட்டுபவர் காதில் விழும். எந்தப் பாகம் எந்த வேகத்தில் அதிர்கிறது என்று கண்டுபிடித்து அடக்குவதே தனி வேலையாகிவிட்டது. ஏத்தர் தன் ஸ்கூட்டர்களை வடிவமைப்பது பெங்களூரில், தயாரிப்பது ஓசூரில். மெர்சிடிஸ்-பென்ஸின் ஆராய்ச்சி மையமும் பெங்களூரில் இருக்கிறது. கணக்கில் பிடிப்பு உள்ளவர்கள் இந்தப் பாடத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஃபைனைட் எலிமென்ட் (ஒரு பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அது சுமை தாங்குமா என்று கணினியில் கணக்கிடும் முறை) விமானத் துறையை நினைப்பவர்களுக்கு ஏற்றது. 1940இல் தொடங்கிய எச்.ஏ.எல்., ஒயிட்ஃபீல்டில் 2000இல் வந்த ஜி.இ. மையம் எல்லாம் இந்த ஊரில்தான் உள்ளன. மெஷினில் நின்று வேலை செய்வது பிடிக்குமென்றால் நவீன வெட்டு முறைகள் பற்றிய எலெக்டிவை எடுத்து, பீன்யாவில் ஒரு பட்டறையில் இன்டர்ன்ஷிப் தேடுங்கள். மின்பொறியால் உலோகத்தை அரித்து வெட்டுவதை வகுப்பில் படம் போட்டுத்தான் காட்ட முடியும், பீன்யாவில் நேரிலேயே பார்த்துவிடலாம்.

சாஃப்ட்வேருக்குப் போவதென்று முடிவே செய்துவிட்டீர்களா? அதில் தவறில்லை. அப்படியானால் ஓப்பன் எலெக்டிவ் இரண்டையும் கம்ப்யூட்டர் துறையில் எடுக்கப் பாருங்கள். புரொஃபஷனல் எலெக்டிவில் கணினிக் கணக்கீடு உள்ள பாடமாக எடுத்தால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்.

கேட் தேர்வு (எம்.டெக். சேரவும், சில பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் உதவும் தேசியத் தேர்வு) எழுதப்போகிறவர்கள் அதன் பாடத்திட்டத்தோடு எலெக்டிவ் பட்டியலை ஒப்பிட வேண்டும். அதிர்வு, குளிர்பதனம், டர்போ இயந்திரங்கள், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஆகியவை கேட் மெக்கானிக்கல் தாளில் உண்டு, ரோபாட்டிக்ஸ் கிடையாது. ஒரே உழைப்பில் இரண்டு தேர்வுக்குத் தயாராகலாம் என்றால் அந்த வாய்ப்பை விடாதீர்கள்.

விரும்பிய பாடம் கல்லூரியில் இல்லையென்றால் என்ன வழி? என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடங்கள்) இருக்கிறது. 12 வாரப் பாடத்தில் வாராந்தர அசைன்மென்டுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழ் பெற அவற்றில் குறைந்தது 10உம் 30உம் எடுக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு உங்கள் கல்லூரி கிரெடிட் தருமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு கேட்டால் சிக்கல்.

வேறு துறையின் பாடம் ஒன்று பட்டியலில் இருந்தும், ஆள் சேராது என்று திறக்க மாட்டார்கள் போலிருந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். வகுப்பில் பேசி 10 பேரைச் சேருங்கள். பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு, செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.