திட்ட மேலாளர்

1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயலில் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் சிதைந்தது. இரும்பு உத்திரங்கள் பல கடலுக்குள் வீழ்ந்தன. ஆறு மாதங்களுக்குள் சீரமைக்க இரயில்வே நிர்வாகம் திட்டமிட்டது. மேலதிகாரி அதனை மூன்று மாதங்களாகக் குறைத்தார். பொறுப்பு முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. 46 நாள்களில் பாலம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. புதிய உத்திரங்களுக்காகக் காத்திராமல், கடலில் கிடந்தவற்றை மீட்டுப் பொருத்தியது காலத்தைப் பெரிதும் மிச்சப்படுத்திற்று.

பாலம் கட்டும் அறிவு பிற பொறியாளர்களுக்கும் இருந்தது. எந்த வேலை முடிந்தால் எதனைத் தொடங்கலாம், எது தாமதித்தால் முழுப்பணியும் தாமதிக்கும் எனக் காண்பது வேறோர் அறிவு. அதுவே திட்ட மேலாண்மை. வீடு கட்டுவதை எண்ணிப் பாருங்கள். கூரைக் கான்கிரீட் இறுகும் நாள்களில் அதன்மேல் சுவர் எழுப்ப இயலாது; ஆனால் தச்சர் தம் பட்டறையில் கதவுகளைச் செய்துகொண்டிருக்கலாம். தச்சர் ஒரு வாரம் பிந்தினாலும் வீடு பிந்தாது. கூரைக்குரிய சிமெண்ட் ஒரு வாரம் பிந்தினால் வீடும் ஒரு வாரம் பிந்தும். வாங்கிய கடனுக்கு வட்டியோ நிற்பதில்லை. மேலாளரின் கண் சிமெண்டின்மேல் இருத்தல் வேண்டும். இக்கணக்கீட்டை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் முறைப்படுத்தினர்.

மென்பொருள், மருத்துவமனை, திரைப்படம் என எத்துறையிலும் இப்பணி உண்டு. ஆயினும் மேலாளராகவே நுழைபவர் அரிது. பட்டம் பெற்றவர் முதலில் ஒரு துறையின் வேலையைக் கற்கிறார். பிறகு சிறு குழுவின் கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் பார்க்கிறார். பி.எம்.பி. என்னும் பன்னாட்டுச் சான்றிதழ்த் தேர்வை எழுதவும் திட்டங்களை நடத்திய அனுபவம் வேண்டும். படிப்பை மட்டும் நம்பி இத்துறைக்கு வருவோர் ஏமாற நேரும். துறை மாறுவோர் திட்டமிடும் திறனை உடன் கொண்டுசெல்லலாம். புதிய துறையின் நுட்பங்களை மீண்டும் கற்றே ஆகவேண்டும்.

ஸ்ரீதரன் 1954இல் இரயில்வே பணியில் சேர்ந்தார். மலைகளையும் ஆறுகளையும் கடந்து செல்லும் கொங்கண் இரயில்வேயின் பொறுப்பை 1990இல் ஏற்றபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அக்காலத்தில் அது ஓய்வு பெறும் வயது. 1997இல் டெல்லி மெட்ரோ அவரிடம் வந்தது. பணி நடந்த இடங்களில், எஞ்சிய நாள்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக் காட்டும் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. அதன் முதல் தடத்தில் 2002 டிசம்பரில் வண்டி ஓடியது.