துன்பத்தில் துணை யார்? புனிதர்களின் படக்கதைகளை வகுப்பில் வாசிப்போம்

போர்டிக்சன் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குச் சாமி படங்கள் புதிதல்ல. ஒரு வீட்டுச் சுவரில் முருகனும் மாரியம்மனும் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் அந்தோணியாரும் செபஸ்தியாரும் இருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே பிள்ளைகள், "இவரு உடம்புல ஏன் அம்பு குத்தியிருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு கதை தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துவப் புனிதர்களின் படக்கதைகள் துன்ப நேரத்தில் மனத்துக்கு எப்படி வலுவூட்டும், ஆசிரியர்களும் தேர்வு மாணவர்களும் அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

படுக்கையில் கிடைத்த புத்தகம்

1521 மே மாதம், ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா கோட்டையில் நடந்த போரில் ஒரு வீரரின் காலைப் பீரங்கிக் குண்டு தாக்கியது. அவர்தான் பின்னாளில் புனித இஞ்ஞாசியார் எனப் பெயர் பெற்றவர். பல மாதங்கள் படுக்கையில் கிடந்த அவர், பொழுதுபோக்க வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் படித்தார். படிக்கப் படிக்க, அவர்களால் முடிந்தது தம்மாலும் முடியும் என்ற எண்ணம் பிறந்தது. பின்னர் அவர் நிறுவிய இயேசு சபைக்கு 1540இல் போப்பாண்டவரின் ஒப்புதல் கிடைத்தது.

அந்தச் சபையைச் சேர்ந்த போர்த்துகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களுக்காகப் புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் எழுதி 1586இல் அச்சிட்டார். ‘அடியார் வரலாறு’ என்று இன்று அறியப்படும் அந்நூல், தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ‘அடியார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அறுபத்து மூன்று நாயன்மார்களின் கதையைச் சொல்லும் பெரியபுராணத்தை அறிந்த நம் மாணவர்களுக்கு, இவ்வகை இலக்கியம் அந்நியமாகத் தோன்றாது.

சங்கிலியோடு ஒருவர்

இப்போது தமிழ் மண்ணுக்கு வருவோம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்தார். இழப்புகளால் மனம் நொந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் அதே அரசின் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை இழக்காத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திகானில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கைகால்களில் சங்கிலியோடு முழந்தாளிட்டு வேண்டும் கோலத்தில்தான் ஓவியர்கள் அவரை வரைகிறார்கள். வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி: "டீச்சர், இவரு என்ன தப்பு செஞ்சாரு?" உடனே பதில் சொல்லிவிடாதீங்க. "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்க. தப்பு செய்யாதவருக்கும் துன்பம் வரும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

துணையைத் தேடச் சொல்லுங்கள்

இக்கதைகளைச் சொல்லும்போது, "பார், எப்படிப் பொறுத்துக்கொண்டார்!" என்று முடித்துவிடுவது நம் வழக்கம். அதோடு நின்றால் கதையில் பாதிதான் கிடைக்கும். துன்பப்பட்டவர் அருகில் யார் இருந்தார் என்றும் கேட்க வேண்டும். அம்பு பாய்ந்த செபஸ்தியாரின் காயங்களுக்கு மருந்திட்டவர் ஐரின் என்ற கைம்பெண் என்கிறது மரபுக்கதை. கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிய ரோக்கு என்ற புனிதரின் படத்தில், வாயில் ரொட்டியுடன் ஒரு நாய் நிற்கும். மனம் நொந்த நீலகண்டனுக்குக் கதை சொல்ல ஒரு டிலனாய் இருந்தார். தேவசகாயம் என்ற பெயரிலேயே ‘சகாயம்’ இருக்கிறது!

இது ஏன் முக்கியம்? வீட்டில் அடி வாங்கும் பிள்ளையும், பள்ளியில் பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளையும் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ‘பொறுத்துக்கொள்’ என்பது மட்டுமே பாடமானால், அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ‘துணை தேடு’ என்பதும் பாடமானால், அது நம்மிடம் வந்து பேசும். அப்படிப் பேசினால் ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணையும் மாணவர்கள் அறிந்திருக்கட்டும்.

பல சமய மாணவர்கள் இருக்கும் வகுப்பில் இவற்றை வாழ்க்கை வரலாறாகவே வாசிக்க வேண்டும். சமயம் பரப்புவது நம் வேலையல்ல. வரலாற்றுச் செய்தி எது, மரபுக்கதை எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

‘துன்பத்தைக் கண்டு துவளக்கூடாது’ என்ற பொதுவான வரியை எல்லாரும் எழுதுவார்கள். சான்றோடு எழுதினால் கருத்து நிமிர்ந்து நிற்கும். ஒரு மாதிரிப் பத்தி:

"துன்ப வேளையில் நல்ல நூல்கள் மனிதனைத் தாங்குகின்றன. சான்றாக, 1521இல் போரில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியாருக்குப் புனிதர்களின் வரலாறுகள் புதிய நோக்கத்தை அளித்தன. பிறர் கடந்து வந்த துன்பத்தை அறியும்போது, நம் துன்பத்தையும் கடக்கலாம் என்ற துணிவு பிறக்கிறது. எனவே, சோர்வுற்ற வேளையில் வாழ்க்கை வரலாறுகளை வாசிப்பது பயன் தரும்."

கருத்து, சான்று, விளக்கம், முடிவு என நான்கும் இதில் உள்ளன. இதே அமைப்பில், நீங்கள் அறிந்த ஒருவரின் வரலாற்றை வைத்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அவர் புனிதராக இருக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பால்மரம் சீவப் போன உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம். அவருக்குத் துணை நின்றவர் யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.