நாடக மேடையில் உயிர்பெறும் விலங்குப் பாவைகள்

நாடகம் என்பது மனிதரைப் பற்றி மனிதரே நடித்துக் காட்டும் கலை என்று நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றோம். ஆயினும் மனித வாழ்வு விலங்கினங்களோடும் பறவையினங்களோடும் பிணைந்ததாகலின், அவையும் மேடையிற் புகுந்தே தீரவேண்டியிருக்கின்றது. அரசன் குதிரை மீதேறி வருகின்றான். சீதை பொன்மானைக் கண்டு மயங்குகின்றாள். இவற்றை மேடையில் எங்ஙனம் காட்டுவது? உயிருள்ள விலங்கைக் கொணர்வது ஒரு வழி. மரத்தாலும் பிரம்பாலும் துணியாலும் ஓர் உருவத்தைச் சமைத்து அதனை மனிதர் இயக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியிற் பிறந்த பாவை உயிரற்றது என்பதை நாம் ஐயமற அறிவோம். அறிந்திருந்தும் அது நம்மைக் கண்ணீர் உகுக்கச் செய்கின்றதே, அதற்குக் காரணம் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இது நம் நாட்டிற்குப் புதிய விஷயம் அன்று. பரதமுனிவர் இயற்றியதாகக் கூறப்பெறும் நாட்டிய சாஸ்திரம், ஆஹார்ய அபிநயத்தை நான்காக வகுத்து, மேடைக்கு வேண்டிய உருவங்களைச் சமைத்தலைப் புஸ்தம் என்னும் பெயரால் முதற்கண் வைக்கின்றது. துணி, தோல் முதலியவற்றை இணைத்துச் செய்வதும், யந்திர உபாயத்தால் அசையச் செய்வதும், மேலே சுற்றிப் போர்த்திச் செய்வதும் என அது மூவகைப்படும். தமிழிலோ, திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உள்ளத்தில் நாணமற்றோரின் நடமாட்டத்தைக் கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மருட்டும் மரப்பாவைக்கு ஒப்பிடுகின்றார். அவர் கருத்து இடித்துரைத்தலே எனினும், மரப்பாவை உயிரென மயக்கும் ஆற்றலுடையது என்பதை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

தஞ்சைப் பகுதியிற் சிறந்து விளங்கும் பொய்க்கால் குதிரையாட்டத்தை நம்மிற் பலர் திருவிழாக்களிற் கண்டிருப்போம். ஆடுவோன் தன் கால்களில் மரக்கட்டைகளைப் பிணித்துக்கொண்டு, இலேசான பொருள்களாற் செய்து அலங்கரித்த குதிரைக் கூட்டைத் தோளினின்றும் தொங்கவிட்டு, நையாண்டி மேளத்திற்கேற்ப ஆடுகின்றான். இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டைக்கால் மேல் நிற்பவன் ஓரிடத்தில் அசையாது நிற்றல் இயலாது. நிலை தவறாதிருக்கும் பொருட்டு அடிக்கடி கால்மாற்றி மிதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கட்டுக்கடங்காத குதிரையின் இயல்பும் அதுவேயன்றோ? ஆகவே ஆடுவோனுடைய இடர்ப்பாடே குதிரையின் உயிர்த்துடிப்பாக நம் கண்ணுக்குத் தோன்றுகின்றது.

இனி, தோற்பாவைக் கூத்தை நோக்குவோம். கேரள நாட்டுப் பாலக்காட்டுப் பகுதியில், பகவதி கோயில்களை அடுத்த கூத்துமாடங்களில், கம்பநாடர் பாடல்களைத் தமிழிலேயே ஓதி இராமகாதையை நிழலாக ஆட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. அப்பாவைகள் முன்னாளில் மான்தோலாற் செய்யப்பெற்றன. மாரீசன் மானுருக் கொண்டு துள்ளும் காட்சியில், சீதை அறியாத உண்மையைக் காண்போர் அனைவரும் அறிவர். அம்மான் பொய்ம்மான் என்பதும், அது மாளப்போகின்றது என்பதும் அவர்க்குத் தெரியும். தெரிந்தும் அவர்தம் கண் அந்நிழலின் பின்னே செல்கின்றது. பாவை நம் அறிவை ஏமாற்றுவதில்லை. அறிவு விழித்திருக்கும்போதே உள்ளத்தைத் தன்வயமாக்கிக் கொள்கின்றது.

மேனாட்டு அரங்கிலிருந்தும் இரண்டு உதாரணங்கள் காட்டுவாம். 1982-இல் மைக்கேல் மார்பர்கோ எழுதிய ‘வார் ஹார்ஸ்’ என்னும் கதை, 2007-இல் இலண்டன் நேஷனல் தியேட்டரில் நாடகமாயிற்று. முதல் உலகப் போரிற் சிக்கிய ஜோயி என்னும் குதிரையே அதன் நாயகன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஹேண்ட்ஸ்பிரிங் பாவைக் குழுவினர் அக்குதிரையைப் பிரம்பை வளைத்துச் சமைத்தனர். தலைக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், பின்னங்கால்களுக்கு ஒருவர் என மூவர் அதனை இயக்குவர். அவர்களை மறைக்க எம்முயற்சியும் செய்யப்படவில்லை. பிரம்புக் கூட்டின் இடைவெளியினூடே அவர்தம் உடல் வெளிப்படையாகத் தோன்றும். ஆயினும் சில நிமிஷங்களில் நாம் அவரை மறந்து குதிரையையே காண்கின்றோம். அந்நாடகத்தில் மற்றொரு குதிரை இறக்கும்போது, அதனை இயக்கியவர்கள் கூட்டை விட்டு வெளியேறிச் சென்றுவிடுகின்றனர். உடலை விட்டு உயிர் நீங்கும் செய்தியை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல வசனம் எதுவும் இல்லை.

மற்றொன்று நம் கடற்கரையோடே தொடர்புடையது. யான் மார்டெல் 2001-இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் நாவலிற் புதுச்சேரி விலங்குக் காட்சிசாலைக்காரரின் குடும்பம், 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் விலங்குகளோடு சென்னையிலிருந்தே கப்பலேறுகின்றது. இராயபுரத்தை அடுத்த நம் துறைமுகத்திலிருந்து கற்பனையிற் புறப்பட்ட அப்புலி, கப்பல் மூழ்கியபின் சிறு படகொன்றில் ஓர் இளைஞனுக்குத் துணையும் அச்சமுமாகின்றது. இக்கதை 2019-இல் ஷெஃபீல்டு நகரில் மேடையேறிப் பின்னர் இலண்டனுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டு ஆலிவியர் பரிசுகளில் இளைஞனாக நடித்த இலங்கையர் ஹிரான் அபேசேகர சிறந்த நடிகராகத் தேர்வுபெற்றார். துணை நடிகர்க்குரிய பரிசோ அப்புலியாக நடித்த எழுவருக்கும் ஒருங்கே வழங்கப்பெற்றது. பாவையை இயக்குவோரும் நடிகரே என்பதை ஒரு நாடக உலகம் இவ்வாறு ஒப்புக்கொண்டது. நம் ஊர்ப் பாவைக் கலைஞர்க்கு அத்தகைய மதிப்பை நாம் அளித்திருக்கின்றோமா என்பது சிந்திக்கற்பாலது.

இவ்வாற்றலுக்குக் காரணங்கள் யாவை? முதலாவது, மூச்சு. பாவை அசையாது நிற்கும்போதும் அதன் விலா மெல்ல ஏறி இறங்குமாயின், அதற்கு உயிருண்டென நம் உள்ளம் முடிவு செய்துவிடுகின்றது. இரண்டாவது, கனம். உண்மை விலங்கு அடிவைக்குமுன் தன் பாரத்தை ஒரு பக்கம் சாய்க்கும். அச்சாய்வைக் காட்டாத பாவை காற்றில் மிதக்கும் பொம்மையே ஆகும். மூன்றாவது, நோக்கு. ஓசை வந்த திசைக்குக் காது திரும்பி, பின்னர்க் கழுத்து திரும்புமாயின், அவ்விலங்கு நினைக்கின்றது என்று தோன்றுகின்றது. இயக்குவோர் தாமும் பாவையையே நோக்கியிருத்தலால், நம் கண்ணும் அங்கேயே செல்கின்றது. நான்காவது, மௌனம். வாய்திறந்து பேசாத பிராணியின் துயரத்தை நாமே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கின்றது. அவ்வாறு நிரப்புமிடத்து நம் சொந்தத் துயரத்தையே எடுத்து நிரப்புகின்றோம். ஆதலாலன்றோ அது நம்மை இத்துணை ஆழமாகத் தாக்குகின்றது!

உயிருள்ள விலங்கையே மேடைக்குக் கொணர்ந்தால் என்னை எனின், அதற்கு அறமும் இடந்தராது, சட்டமும் இடந்தராது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-இல் இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைகாட்டப் பயிற்றுதலைத் தடைசெய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. மேலும், மேடைக்கு வந்த உண்மைப் புலி நாடகத்தின் பாத்திரம் ஆகாது. அது கதையை அறியாது, அஞ்சி நிற்கும் ஒரு பிராணியே. பாவைப் புலியோ கதையை அறிந்த மூவர் கருத்தொருமித்து ஆக்கிய பாத்திரம்.

இவ்வளவும் கூறியது வெறும் கலைவிசாரணைக்காக மட்டும் அன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்திற் கச்சா எண்ணெய் பரவியது. கூழைக்கடாப் பறவைகள் இறகில் எண்ணெய் படிந்து வருந்தின. மீனவர் வலைகளும் படகுகளும் பாழாயின. 2025-ஆம் ஆண்டு ஜனவரியிற் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து நம் கரைகளில் ஒதுங்கின. பத்திரிகையிற் படித்தோம், சில நாட்களில் மறந்தோம். எண்ணிக்கை நம் அறிவிற்கு எட்டும். நெஞ்சிற்கு எட்டுவது அரிது. எண்ணெய் தோய்ந்த இறகை விரிக்க முயன்று முடியாமல், மூச்சு வாங்கி நிற்கும் ஒரே ஒரு கூழைக்கடா மேடையில் நம் முன் நிற்குமாயின், அதனை எளிதில் மறத்தல் கூடுமோ?

அத்தகைய பாவையைச் சமைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பிரம்பும், மூங்கிற் சிம்பும், காசிமேட்டிற் கழித்துப்போடும் பழைய வலையும் கயிறுமே போதும். வேண்டுவது வேறு. கழிமுகத்திற்குச் சென்று பறவை எங்ஙனம் நிற்கின்றது, எங்ஙனம் கழுத்தை மடக்குகின்றது, அச்சமுற்றபோது எதை முதலில் அசைக்கின்றது என்பவற்றைப் பொறுமையோடு உற்றுநோக்கும் கண் வேண்டும். மூவர் ஒரே மூச்சாக மூச்சுவிடப் பழகும் பயிற்சி வேண்டும். காண்போரை அழவைக்க வேண்டும் என்னும் ஆசை வேண்டுவதில்லை. பறவையைப் பறவையாகக் காட்டினாற் போதும், ஏனையது தானே நிகழும்.

நம் கல்லூரி நாடகச் சங்கத்தார் வருகின்ற ஆண்டில் இம்முயற்சியை மேற்கொள்வாராயின், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வாழும் மீனவ மக்களின் குறையும், வாயில்லாப் பிராணிகளின் குறையும் ஒருங்கே அவையேறும். அப்பணிக்கு முன்வரும் மாணவர்க்குப் பழைய மாணவரும் ஆசிரியரும் துணைநிற்பர் என்பது நம் நம்பிக்கை.