தராசின் கண்ணாடி தெளிவாக இருக்கட்டும்

ஒரு பொருளை வாங்குவதிலும் பார்க்க அதனைப் பேணி வைத்திருப்பதே கடினம் என்பதை எங்கள் பெண்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து, பின்னர் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்தவர்கள் நாங்கள். ஆகையால் புதிய பொருளொன்று வீட்டுக்கு வந்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் தாளைக்கூட உரிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. தொலைக்காட்சி ரிமோட் பொலித்தீன் உறைக்குள்ளேயே இருக்கும். கைத்தொலைபேசியில் கடையில் ஒட்டிவந்த தாள் ஓரம் கிளம்பி அழுக்கேறும்வரை அப்படியே இருக்கும். அந்தத் தாள் பொருளைக் காக்கிறது என்று நம்புகிறோம். எழுவைதீவில் நான் கண்ட ஒரு சம்பவம் அந்த நம்பிக்கையைச் சற்று ஆராய்ந்து பார்க்க வைத்தது.

பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து படகேறினால் எழுவைதீவு. கடலும் பனையுமே அங்குள்ள மக்களின் வாழ்வாதாரம். 1990ஆம் ஆண்டில் தீவகத்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வெளியேறி, பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றை அங்கே சந்தித்திருக்கிறேன். சுயதொழில் செய்யும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பார்ப்பதற்காக நான் இடையிடையே அங்கு போய்வருவதுண்டு.

அவ்வாறு போன ஒரு நாளில், கருவாடு போட்டு விற்கும் ஓர் அம்மாவின் வீட்டு முற்றத்தில் இருந்தேன். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை. கருவாடு வாங்கும் தம்பி வந்து, அம்மாவின் டிஜிற்றல் தராசிலேயே பையை வைத்து, குனிந்து பார்த்து, “நாலு கிலோ இருநூறு” என்றார். அம்மா தலையாட்டினார். பின்னேரப் படகுக்கு வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

“நீங்கள் பாக்கேல்லையோ அம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கெங்க பிள்ளை தெரியுது? கண் மங்கிப்போச்சு. யாழ்ப்பாணத்தில ரெண்டு கண்ணாடி வாங்கிப் போட்டன், அதுக்கும் தெரியேல்லை. அவர் சொல்லுறதுதான் நிறை.”

நான் எழுந்து போய்த் தராசைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இலக்கங்கள் தெரியும் சிறிய சன்னல் பனி படர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. அம்மாவின் கண்ணில் குறை இருந்ததோ என்னவோ, தராசில் நிச்சயமாக இருந்தது.

நடந்தது இதுதான். தராசு வந்தபோது அந்தச் சன்னலின் மேல் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா அதை உரிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் முற்றத்து வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து அது மஞ்சளாகிக் கொப்பளித்தது. உரித்தபோது பாதி கிழிந்து வந்தது, பசை மீதியாக நின்றது. அந்தப் பசையைப் போக்க, பாத்திரம் விளக்குவதுபோல் சாம்பலும் தும்பும் வைத்துத் தேய்த்துவிட்டார். பசை போனது. அதோடு சன்னலும் போனது.

“இந்த இடத்திலதான் பிள்ளை ஒண்டுமே தெரியிறேல்லை” என்று அம்மா விரலால் தொட்டுக் காட்டினார். சற்று முன்னர் தலைக்கு எண்ணெய் வைத்த கை. விரல் பட்ட இடத்தில் ஓர் இலக்கம் தெளிவாகத் தெரிந்தது! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இன்னும் ஒரு துளி தேங்காயெண்ணெயை மெதுவாகப் பூசினோம். பையை மீண்டும் தூக்கி வைத்தோம். நாலு கிலோ அறுநூறு.

நானூறு கிராம் கருவாடு. எத்தனை மாதங்களாக இப்படிப் போயிருக்கும் என்று அம்மா கேட்கவில்லை. “அப்ப என்ரை கண்ணில பிழையில்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

பின்னேரம் அந்தத் தம்பி வந்தபோது அம்மாவே தராசைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்து, “எனக்கும் உது வடிவாத் தெரியிறேல்லை அம்மா, குத்துமதிப்பாத்தான் சொன்னனான்” என்றார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தராசு தெளிவில்லாதபோது குத்துமதிப்பு எப்போதும் வாங்குபவர் பக்கமே சாய்கிறது. அன்று நாலு கிலோ அறுநூறுக்கே காசு கிடைத்தது.

எண்ணெய் பட்டதும் ஏன் தெரிந்தது? தேய்த்த பிளாஸ்ரிக்கில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்கள் இருக்கும். வெளிச்சம் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறுவதால் வெளுத்துப்போய்த் தோன்றும். எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. ஆனால் எண்ணெய் தூசியைப் பிடிக்கும், ஒருநாளில் போய்விடும். நல்ல பாதுகாப்புத் தாளொன்றை ஒட்டினால் அதன் பசையும் ஓரளவுக்கு இதே வேலையைச் செய்யும். அடுத்த முறை போகும்போது யாழ்ப்பாணத்தில் தொலைபேசிக் கடையொன்றில் அளவுக்கு வெட்டி எடுத்த தாளைக் கொண்டுபோனேன். ஆழமான கீறல் இரண்டு இன்னும் தெரிகிறது. ஆயினும் இலக்கங்களை வாசிக்க முடிகிறது.

இந்தத் தாள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரண்டு நிறம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு நிறத்தை மறைக்கக் கடதாசியை ஒட்டுவார்கள், உரிக்கும்போது வர்ணமும் சேர்ந்து உரிந்துவிடும். இதனைக் கண்ட ரிச்சர்ட் ட்றூ என்ற 3எம் நிறுவன ஊழியர், 1925இல், ஒட்டிக்கொள்ளவும் வேண்டும், உரிக்கும்போது காயப்படுத்தவும் கூடாது என்ற நோக்கில் ஒரு நாடாவை உருவாக்கினார். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்ரர் விசிறிகளை மணல் தேய்க்காதபடி பொலியூரித்தேன் தாள் ஒட்டினார்கள். ஹெலிச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு இது விந்தையாக இருக்கலாம். அதே வகைத் தாளைத்தான் இன்று கார்களின் வர்ணத்தைக் காக்கவும் ஒட்டுகிறார்கள்.

இவற்றிலிருந்து ஒன்று விளங்குகிறது. கீறலைப் பொருளுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்வதே தாளின் வேலை. அது தேய்வதற்காகவே இருக்கிறது. தேய்ந்ததும் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் காத்த தாளே கேட்டைச் செய்யும்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை:

தொழிற்சாலையில் ஒட்டிவரும் தாள், ஏற்றி இறக்கும்போது கீறாமல் இருப்பதற்கு மட்டுமே. பொருள் வீட்டுக்கு வந்ததும் உரித்துவிடுங்கள். வெயிலில் அதன் பசை இறுகிவிடும்.

துடைக்குமுன் மணலையும் உப்புத் தூசியையும் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ அகற்றுங்கள். பிளாஸ்ரிக்கை விட மணல் கடினமானது. மணலோடு துடைத்தால் துணியே அரமாகிவிடும். அதன்பின் பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு துளி சவர்க்கார நீருடன் துடைத்தால் போதும். தராசு, தொலைபேசி போன்றவற்றின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சாம்பல், தும்பு, பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம் ஆகியவை ஆகாது. அவற்றுள் சில பிளாஸ்ரிக்கை வெடிக்கச் செய்யும்.

புதிய தாளைச் சன்னலின் அளவைவிட மயிரிழை சிறிதாக வெட்டுங்கள். காற்றில்லாத அறையில், நன்றாகக் காய்ந்த பின்னர், ஒரு பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக ஒட்டி, துணி சுற்றிய பழைய பிளாஸ்ரிக் அட்டையால் அழுத்திச் செல்லுங்கள். வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிடுவிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். அந்த முத்திரையின் மேல் தாள் ஒட்ட வேண்டாம்.

பழைய தாளை மேல்நோக்கி இழுக்காமல், மடித்துப் பின்பக்கமாக மெதுவாக உரியுங்கள். இறுகியிருந்தால் இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியைச் சிறிது நேரம் மேலே வையுங்கள். மிஞ்சும் பசையில் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்து, சவர்க்கார நீரால் எண்ணெயைப் போக்குங்கள். வேலை முடிந்ததும் தராசை நிழலில் வைத்து ஒரு துணியால் மூடிவிட்டால் தாளும் நீண்ட நாள் நிற்கும்.

தாள் ஒட்டி முடிந்த அன்று அம்மா உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். 2007இல் வேலைக்கென்று யாழ்ப்பாணம் போய்த் திரும்பாத மகனின் படம். மெல்லிய பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. உறை பிசுபிசுத்து, படத்தின் முகப்பக்கத்தோடு ஒட்டிப்போயிருந்தது. “இதுக்கும் மேல ஒரு தாள் ஒட்டினால் காப்பாத்தலாமோ பிள்ளை?” என்று கேட்டார்.

ஒட்ட வேண்டாம் என்றேன். உரிக்கவும் வேண்டாம் என்றேன். மென்மையான உறைகளிலிருந்து காலப்போக்கில் எண்ணெய்த்தன்மையான பொருளொன்று கசியும். அதுதான் படத்தைப் பிடித்துக்கொள்கிறது. பலவந்தமாக இழுத்தால் முகம் உறையோடு போய்விடும். முதலில் உறையோடு சேர்த்தே தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்தோம். அதனை நகரில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை மட்டும் லமினேற் செய்து கொடுத்தேன். மூலப்படம் இப்போது கடதாசி உறையில், அலுமாரியில், வெயில் படாமல் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு தொடக்கம் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரங்களில் வெயிலில் இருந்திருக்கிறார்கள். சகோதரிகளே, வெளியே கொண்டுசெல்வது பிரதியாக இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி போன்றவற்றின் மூலங்களையும் லமினேற் செய்யாதீர்கள். ஒருமுறை சூடாக்கி ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது.

மாற்றக்கூடியதற்குத் தாள் ஒட்டுவோம், தேய்ந்ததும் மாற்றுவோம். மாற்ற முடியாததைத் தாளிடம் ஒப்படைக்காமல் பிரதியெடுத்து வைப்போம். அத்துடன் எங்கள் தராசை நாங்களே வாசிப்போம். கண்ணில் குறையென்று ஒதுங்குமுன், சன்னலை ஒருமுறை துடைத்துப் பார்ப்போம்.

சென்ற முறை போனபோது அம்மாவின் வாசிப்புக் கண்ணாடிகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்கா போட்டிருந்தார். மற்றதை வைத்திருக்கிறாராம். கணக்குக் கொப்பி எழுதுவதற்கு.