‘அப்வேர்டு’ கொடுத்தால் கையில் உள்ள சீட் போய்விடுமா?

பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததுமே வீடு இரண்டு கட்சியாகிவிடும். ‘கிடைத்ததை விடாதே’ என்பார் ஒருவர். ‘பொறு, இன்னும் நல்ல காலேஜ் வரும்’ என்பார் இன்னொருவர். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் இவை.

‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ கொடுத்தால் இப்போதுள்ள இடம் பறிபோகுமா?

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, உங்கள் பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பங்களுக்காகவும் காத்திருப்பது இது. மேலான இடம் கிடைக்காதவரை போகாது. கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே வேறொருவருக்குப் போய்விடும். ‘பழையதே போதும்’ என்று திரும்ப முடியாது. ‘டிக்ளைன் அண்ட் அப்வேர்டு’ வேறு. இருப்பதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்காகக் காத்திருப்பது அது. வராவிட்டால் கையில் ஒன்றுமில்லை. கிடைத்த கல்லூரியில் எந்த நிலையிலும் சேரப்போவதில்லை என்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு இது தேவையில்லாத சூதாட்டம்.

அப்வேர்டில் விரும்பிய இடம் கிடைக்க என்ன செய்யலாம்?

விருப்பப் பட்டியலைப் பூட்டிய பிறகு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்புதான். ஏழாவது விருப்பம் கிடைத்தவருக்கு ஒன்றிலிருந்து ஆறுவரை மட்டுமே பார்ப்பார்கள். எட்டாவதாக எழுதிய கல்லூரியில் நூறு இடம் காலியானாலும் அது அவருக்கு வராது. எனவே வரிசை உங்கள் மனதில் உள்ள வரிசையாகவே இருக்கட்டும். ‘இந்த கட்-ஆஃபுக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரி எங்கே கிடைக்கும், முதல் இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்?’ என்று பலர் கேட்கிறார்கள். எதுவும் வீணாகாது. அங்கே இடமில்லை என்றால் கணினி அடுத்த விருப்பத்துக்குப் போகும், அவ்வளவுதான். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம் என்றிருக்க, பத்தோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணமே இல்லை.

பெயரையும் கவனியுங்கள். சி.ஐ.டி. என்றால் கோவையிலும் ஒன்று, சென்னையை அடுத்த குன்றத்தூரிலும் ஒன்று. பி.எஸ்.ஜி. டெக் வேறு, பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு. சில கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு அரசு உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் தனித்தனியே இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் பதியுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

மேலே இடம் எப்படித்தான் காலியாகிறது?

ஒதுக்கீடு பெற்றவர்களில் சிலர் உறுதி செய்வதில்லை. சிலர் என்.ஐ.டி.க்கோ மருத்துவத்துக்கோ போய்விடுகிறார்கள். கெடுவுக்குள் கட்டணம் கட்டாதவர்களின் இடமும் சேரும். கெடு தவறினால் உங்கள் இடமும் அப்படித்தான் போகும் என்பதை மறக்க வேண்டாம். சேருவதாக உறுதி செய்தவர் கல்லூரிக்குப் போய்க் கட்ட வேண்டும். அப்வேர்டு கேட்டவர் உதவி மையத்தில் கட்ட வேண்டும். இடம் மாறிப் போய் நின்று கடைசி நாளைத் தவறவிடுவோர் உண்டு.

கல்லூரி முதல்வரைப் பார்த்துப் பேசினால், சிபாரிசுக் கடிதம் வாங்கினால்?

வண்டிச் செலவுதான் மிச்சம். அரசு ஒதுக்கீட்டு இடத்தைத் தரும் அதிகாரம் கல்லூரிக்கு இல்லை. தரவரிசை, இடஒதுக்கீட்டுப் பிரிவு, நீங்கள் கொடுத்த பட்டியல், இவற்றை வைத்தே ஒதுக்குகிறார்கள்.

பயந்துபோய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டோம். திரும்பக் கிடைக்குமா?

வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டு எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ‘நன்கொடை’ என்று கொடுத்த பணத்துக்கு இந்த விதியைக் காட்டிப் பேசுவது கடினம்.