இடர்க்களத்திற் பயிற்சியின் படிகள்

ஓரிடத்திலே தீ மூளுங்கால் ஆற்றலும் அஞ்சாமையும் உடையார் பலர் ஆங்கு விரைந்து கூடுவர். ஆயினும், அவருள் ஆணையிடுபவர் யார், அவ்வாணையை ஏற்பவர் யார் என்பது தெளிவுறாதாயின், கூடியோர் தொகையே இடையூறாய் முடிதலும் உண்டு. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாட்டினர் பெருவிலை கொடுத்தே கற்றனர்.

1970ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திற் கலிபோர்னியா மாநிலத்திலே பரவிய காட்டுத்தீ, 13 நாட்களில் 16 உயிர்களைக் கொண்டது. 700 கட்டடங்களையும் 5 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் எரித்தது. பின்னர் ஆராய்ந்தோர் கண்ட குறைகளுட் பெரும்பாலான நிருவாகம் பற்றியனவே. ஒருவரின்கீழ் அளவுக்கு மிஞ்சியோர் பணிபுரிந்தனர். ஒரே பொருளை வெவ்வேறு படையினர் வெவ்வேறு பெயராற் சுட்டினர். ஒரு படையின் வானொலி மற்றொன்றன் வானொலியோடு இணங்கவில்லை. யாவர்க்கும் பொதுவான திட்டமும் இருந்திலது. இக்குறைகளைக் களையும்பொருட்டு அப்பத்தாண்டிலே தோன்றியதே சம்பவக் கட்டளை முறை. 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களின் பின்னர், 2004 மார்ச்சில் வெளியான தேசிய சம்பவ மேலாண்மை முறைமை, அதனை நாடு முழுவதற்கும் உரியதாக்கிற்று.

இம்முறையின்படி, இடர்ப்பணி கட்டளை, செயற்பாடு, திட்டமிடல், வழங்கல், நிதிநிருவாகம் என ஐந்து கூறாக வகுக்கப்படும். ஒவ்வொருவர்க்கும் மேலாளர் ஒருவரே. ஒரு மேற்பார்வையாளரின்கீழ் ஐவர் அளவினர் இருத்தல் தகும் என்பது பொது விதி. களத்தில் வழங்குவது யாவரும் அறியும் எளிய மொழியே, குழூஉக்குறிகள் விலக்கப்படும்.

இனி, பயிற்சியின் படிகளை நோக்குவாம். முதற்படியாகிய 100ஆம் நெறி, இடர்க்களத்தில் ஈடுபடக்கூடிய யாவர்க்கும் முறையின் அடிப்படைகளை அறிமுகஞ் செய்வது. 200ஆம் நெறி, சிறு சம்பவங்களிலே முதல் நடவடிக்கையை மேற்பார்வை செய்வோர்க்கு உரியது. தேசிய முறைமையை விளக்கும் 700ஆம் நெறியும், நாட்டின் இடருதவிச் சட்டகத்தை விளக்கும் 800ஆம் நெறியும் இவற்றுக்குத் துணையாவன. இந்நான்கினையும் ஒருவர் இணையத்தின் வழியே தாமாகவும் கற்கலாம்.

300ஆம் நெறி தொட்டு நிலைமை வேறு. இது விரிந்து செல்லும் சம்பவங்களை நடத்துவோர்க்கு உரியது. வகுப்பறையிலே பலர் கூடியிருந்து செயற்றிட்டம் வகுத்துப் பழகுவது. 400ஆம் நெறி, பல துறைகள் ஒருங்கே ஈடுபடும் சிக்கலான சம்பவங்களிலே தலைமைப் பதவி வகிப்போர்க்கு உரியது. திட்டமிடற் கூட்டத்திலே பிறரோடு முரண்பட்டும் இணங்கியும் ஒரு முடிவுக்கு வருதல் தனித்திருந்து கற்கத்தக்க கலையன்று. ஆதலின் மேற்படிகள் வகுப்பறையை வேண்டி நின்றன போலும்.

நிற்க. நெறிகளை முடித்தவர் எல்லாம் தகுதியுடையார் ஆவரோ? ஆகார். காட்டுத்தீ அணைப்போரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பணிப் பதிவேடு என்னும் ஏற்பாடு இதற்கு விடையாகும். ஒரு பதவிக்குரிய செயல்கள் யாவும் அதில் நிரல்பட எழுதப்பட்டிருக்கும். பயிலுநர் அவற்றை மெய்யான களத்திலோ ஒத்திகையிலோ செய்து காட்ட, தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றுக்கும் ஒப்பமிடுவார். அதன் பின்னரே பதவிக்கான தகுதி வழங்கப்படும். பெற்ற தகுதியும் நிலையானதன்று. பெரும்பாலான பதவிகளில் 5 ஆண்டுக்குள் மீண்டும் பணியாற்றாதார் அத்தகுதியை இழப்பர்.

சான்றிதழ் கற்றமைக்குச் சான்று. ஆற்றலுக்குச் சான்று செயலே என்பது இவ்வேற்பாட்டின் உட்கிடை. தேர்வோடு கல்வி முடிந்தது எனக் கருதும் நம்மனோர் இதனைச் சிந்தித்தல் நன்று. இன்னும் ஒன்று: களத்திற்கு முதலில் வந்த தகுதியாளரே கட்டளையை ஏற்பர், பின்வருவோர், பதவியால் உயர்ந்தோராயினும், நிலைமையைக் கேட்டறிந்து முறைப்படி பொறுப்பேற்கும்வரை அவர்க்கு அடங்குவர். ஆணையிடக் கற்றலினும் அடங்கக் கற்றல் அரிது. பயிற்சியின் எல்லாப் படிகளும் கற்பிக்க முயல்வது இவ்வரிய பாடத்தையே.